முன் கம்பியில் பதினொரு சட்டை

இஸ்திரி மேஜைக்கு மேலே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இரண்டு கம்பிகள் போகின்றன. முன் கம்பி, பின் கம்பி. மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் முன் கம்பியில் பதினொரு சட்டை தொங்கும். மிச்சமெல்லாம் பின் கம்பிக்குப் போகும். முன் கம்பிக்காரன் நாளைக்கு ஆடுவான். பின் கம்பிக்காரன் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடிப்பான். எங்கள் ஊர் கால்பந்து டீமின் தலையெழுத்தை எழுதுகிற இடம் மைதானம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நான் அந்த டீமின் பஸ் டிரைவர். லாண்டரிக்கு மேலே மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கீழே கடை, கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவர்கள் வீடு. சட்டைகளைப் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றுவதும் நான்தான். யாரும் கொடுத்த வேலை இல்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு போவானேன் என்று நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

லாண்டரியை நடத்துகிறவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான் டீமின் கோச். அவளுடைய வீட்டுக்காரன் டீமின் கோல்கீப்பர். ஊர் அவனுக்கு வைத்த பெயர் கதவு. கீழ் லீகில் விளையாடிய காலத்தில் அவனைத் தாண்டிப் பந்து உள்ளே போவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

இந்தக் கம்பி வழக்கம் பழையது. டீம் அடிமட்டத்தில் கிடந்த நாளில் லாண்டரியில் ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டிதான். எல்லாச் சட்டையையும் தேய்க்க நேரம் போதாது. அதனால் கோச் முந்தின நாள் சாயங்காலமே வந்து, நாளைக்கு இறங்கப்போகிற பதினொரு பேரைத் தங்கச்சியிடம் சொல்லிவிடுவார். அவள் அந்தப் பதினொன்றை மட்டும் தேய்த்து முன் கம்பியில் மாட்டுவாள். மற்றதை மடித்து வைப்பாள். பிறகு நீராவிப் பெட்டி வந்தது, உலர்த்தும் மெஷின் வந்தது, எல்லாச் சட்டையையும் தேய்க்க நேரமும் வந்தது. வழக்கம் மட்டும் போகவில்லை. டீம் யார் யார் என்று உலகத்தில் முதலில் தெரிந்துகொள்வது அவள்தான். பேப்பர்காரர்கள் எத்தனையோ பேர் சட்டை தேய்க்கிற சாக்கில் வந்து தலைகீழாக நின்று பார்த்தார்கள். ஒரு பெயர்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

புருஷனுக்கும் அதே சட்டம்தான். மேட்சுக்கு முந்தின நாள் வெயில் இறங்கிவிட்டால் கதவு திரையைத் தாண்டிக் கடைப்பக்கம் வரமாட்டான். பக்கத்துச் சந்து வழியாகப் போவான், வருவான். கோச் பைக்கில் வந்து, தங்கச்சியிடம் பதினொரு பேரையும் முணுமுணுப்பார். அவள் தேய்க்க ஆரம்பித்ததும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மாப்பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நாளைய டீமைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். கதவு முன் கம்பியில் இல்லாத நாளே அதுவரை இல்லை என்பதால் மூச்சு விடவேண்டிய தேவையும் வரவில்லை.

போன வருடம் டீம் மேல் லீகுக்கு ஏறியது. அதற்கு முன் எப்போது மேலே இருந்தோம் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் நேரில் பார்த்த ஞாபகம் கிடையாது. ஊரே பித்துப் பிடித்து ஆடியது. மைதானத்துக்குப் புது விளக்கு, புது நாற்காலி. எனக்குப் புது பஸ். அதில் டிவி இருந்தது, கழிவறை இருந்தது, ஏசியை எங்கே குறைப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. முதல் பயணம் முழுக்க எல்லோரும் சால்வை போர்த்திக்கொண்டு போனோம்.

முதல் மேட்சிலேயே ஒரு பெரிய டீமை அவர்கள் மைதானத்திலேயே போட்டுத் தள்ளினோம். அடுத்தது டிரா. அதற்கடுத்தது மறுபடி ஜெயம். பட்டியலில் மூன்றாவது இடத்தில் எங்கள் பெயர். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பிப் பார்த்தேன்.

அந்த வாரத்துச் சாப்பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

"மாப்ள, நேத்து டிவியில உன்னைக் கிட்டக்க காட்டினாங்க. பந்து எது, மூக்கு எதுன்னு கொஞ்ச நேரம் குழப்பமாப் போச்சு" என்றார் கோச்.

"கை தப்பினாலும் மூக்குல படட்டும்னுதானே மச்சான் என்னை அங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"பின்ன? உன் அழகுக்கா நிறுத்தினேன்?"

"அழகுக்குத்தான உங்க தங்கச்சியக் குடுத்தீங்க."

"அது எங்கப்பா பண்ண வேலை. என்னைக் கேட்டிருந்தா பெஞ்சுல உக்கார வெச்சிருப்பேன்."

தங்கச்சி திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் தட்டைக் காலி பண்ணுங்க. மூணாவது எடத்துல இருந்தா வயிறு ரொம்பிடாது. டிரைவரண்ணே, நீங்களாவது சிரிக்காம சாப்பிடுங்க, புரையேறும்."

புரையேறத்தான் செய்தது.

புதிதாக மேலே ஏறின டீமுக்கு முதல் இரண்டு மாதம் விருந்தாளி மரியாதை. யாருக்கும் உங்களைத் தெரியாது. எந்தப் பக்கமிருந்து வருவீர்கள், எப்போது களைப்பீர்கள், ஒன்றும் தெரியாது. நீங்களும் கல்யாண வீட்டுக்கு வந்த குழந்தை மாதிரி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவீர்கள். மூன்றாவது மாதத்துக்குள் எல்லோரும் உங்கள் வீடியோவைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். விருந்தாளி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், எப்போது கொட்டாவி விடுவான் என்பதுவரை அத்துப்படியாகிவிடும். அதன்பிறகுதான் உண்மையான வருடம் தொடங்குகிறது.

எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. வரிசையாகத் தோற்றோம். எங்களோடு சேர்ந்து இன்னும் இரண்டு டீம்கள் ஏறியிருந்தன. அதில் ஒன்று முதல் மாதமே அடியில் போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. இன்னொன்றும் நாங்களும் மாறி மாறி ஒரு படி ஏறுவதும் ஒரு படி வழுக்குவதுமாக இருந்தோம். வருடக் கடைசியில் அடியில் இருக்கிற மூன்று டீம் மறுபடி கீழ் லீகுக்குப் போகவேண்டும். அந்த மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதைத் தவிர ஊருக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கதவுக்கு வயது ஏறிவிட்டது என்று ஊர் சொன்னது. நான் பக்கவாட்டில் நின்று பார்க்கிறவன், எனக்குத் தோன்றியது வேறு. கீழ் லீகில் ஒருவன் பந்தை நிறுத்துவான், பார்ப்பான், பிறகுதான் அடிப்பான். அந்தப் பார்க்கிற நேரத்துக்குள் கதவு சரியான இடத்துக்கு வந்துவிடுவான். மேலே யாரும் நிறுத்துவதில்லை. வருகிற பந்தை வந்த சூட்டோடு அடித்துவிடுகிறார்கள். கதவு எப்போதும் போலத்தான் மூடினான். மூடும்போது பந்து உள்ளே இருந்தது.

ஊர் வாயை யாரால் மூட முடியும்? மைதானத்திலேயே கூச்சல் போட ஆரம்பித்தார்கள். "கதவுக்கு எண்ணெய் போடு!" என்றார்கள். "கோச்சு தங்கச்சிக்குச் சீதனமா கோல் போஸ்டையே எழுதிக் குடுத்துட்டாரு!" என்றார்கள். பெஞ்சில் நெட்டையன் என்று ஒரு பையன் கீப்பர் இருந்தான். கையைத் தூக்கினால் குறுக்குக் கட்டையைப் பிடித்துத் தொங்கலாம். "நெட்டையனை இறக்கு" என்று முழு மைதானமும் கத்தியது. கோச் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தார் என்று சொல்லவேண்டும். பஸ்ஸில் என் பின்சீட்டில் அவர் விடுகிற பெருமூச்சில் என் கழுத்தே சில்லிட்டுப் போகும். பக்கத்து சீட்டில் கதவு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பழைய பஸ் நாளிலிருந்து மாமன் மச்சான் இரண்டு பேருக்கும் அந்த முன் சீட்டுதான்.

ஒரு சாயங்காலம் கோச் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"சொல்லுங்கண்ணா. பெட்டி சூடாயிடுச்சு" என்றாள் தங்கச்சி.

"பழைய பதினொண்ணுதாம்மா."

"எல்லாரும்?"

"எல்லாரும்தான்."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெட்டையன்?" என்றாள்.

கோச் திரையை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து உள்ளே சாப்பிடப் போனார், ஹெல்மெட்டோடு.

மறுநாள் நான்கு கோல் வாங்கினோம்.

அடுத்த வாரம் நான் சட்டைப் பெட்டியோடு கடைக்குள் நுழைந்தபோது கோச் இன்னும் வரவில்லை. ஆனால் முன் கம்பியில் பதினொரு சட்டை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி நடந்ததே இல்லை. கீப்பர் சட்டை மட்டும் வேறு நிறம், முழங்கையில் பஞ்சு வைத்துத் தைத்தது, தூரத்திலிருந்தே தெரியும். கோடியில் தொங்கியது கதவின் சட்டை இல்லை. கை ஒரு சாண் நீளமாக இருந்தது. கதவின் சட்டை பின் கம்பியில், அதுவும் தேய்த்து, காலர் நிமிர்த்தி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலைகாணி உறை ஒன்றை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் சுருக்கமே இல்லை.

கோச் வந்தார். வாயைத் திறந்தவர் கம்பியைப் பார்த்து மூடிக்கொண்டார். நீராவி பெட்டியிலிருந்து புஸ்ஸென்று கிளம்பியது. தங்கச்சி நிமிரவில்லை. அவர் கம்பியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "எடுத்து வைங்க" என்றார். அன்றைக்குச் சாப்பிட உள்ளே போகவில்லை.

மறுநாள் உடை மாற்றுகிற அறையில், ஆடப்போகிறவர்களின் சட்டையை ஆணியில் மாட்டினேன். வாசலுக்குப் பக்கத்து முதல் ஆணி எப்போதும் கதவுடையது. அவன் வந்தான், பையை இறக்கினான், ஆணியில் நெட்டையன் சட்டையைப் பார்த்தான். கையுறைகளை மெதுவாக மறுபடி பையிலேயே வைத்தான். பிறகு கோச்சிடம் போய், "ரொம்ப நன்றி மச்சான்" என்றான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. கோச்சின் முகம் வெளிறிப்போனது. "என் முடிவு மாப்ள" என்றார். அவர் சொன்ன பொய்களில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த மேட்ச் டிரா. திரும்பும்போது கதவு முன் சீட்டைத் தாண்டி நடந்து, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான். கழிவறைக்குப் பக்கத்து சீட்டு அது. யாரும் விரும்பி உட்காராத இடம்.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. கோச் லாண்டரி வாசலை மிதிப்பதில்லை. டீமைத் தங்கச்சியிடம் போனில் சொல்லிவிடுவார். கதவு வீட்டில் எப்போதும் போல இருந்தான். கடையில் மூட்டை தூக்கிக் கொடுத்தான், மெஷினைத் துடைத்தான், அவளிடம் சிரித்துப் பேசினான். அவள் அண்ணன் பெயரை எடுத்தால் மட்டும் எழுந்து சந்துப் பக்கம் போய்விடுவான்.

ஒரு நாள் மழை. கடையில் கூட்டமில்லை. சேறு படிந்த காலுறைகளை ஊறப்போட்டுவிட்டு, அவள் சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொண்டிருந்தாள். நேராகத் தேய்த்தால் முதுகு நம்பர் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

"டிரைவரண்ணே, எதுக்க நின்னு மூஞ்சியப் பாக்காதீங்க. எனக்கு வேலை ஓடாது."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காம நிக்கறீங்க பாருங்க, அதுதான் மோசம்." ஒரு சட்டையை உதறினாள். "நான்தான் பண்ணேன்னு உங்களுக்குத் தெரியும்."

"கோச்சு வர்றதுக்கு முன்னாடியே தொங்கிச்சே. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஊரு பேசினதுக்காகப் பண்ணலண்ணே. சத்தியமா இல்ல. துணி போட வர்றவளுங்க எல்லாம் 'கதவுக்கு எண்ணெய் போட்டியா'ன்னு கேட்டுட்டுப் போவாளுங்க. அதைக்கூட நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா தூக்கத்துல இவரு கையத் தூக்குவாரு. பந்து புடிக்கறாராம். இந்தப் பக்கம் தூக்குவாரு, அந்தப் பக்கம் தூக்குவாரு. ஒரு தடவகூடப் புடிச்ச மாதிரி தெரியல. கை அப்படியே தொப்புன்னு விழுந்துடும். பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டே இருப்பேன். எத்தனை நாள் பாக்கறது? அந்த மனுஷனை இன்னொரு வாரம் அங்க நிறுத்தி வேடிக்கை பாக்க என்னால முடியல. எங்கண்ணனுக்கும் கை வரல. நான் மாட்டிட்டேன்."

"இதை அவன்கிட்டயே சொல்லிடேன்மா."

"என்னன்னு? உங்களால முடியாதுன்னு நான்தான் முடிவு பண்ணேன்னா? பொண்டாட்டி வாயால கேக்கற பேச்சா அது?"

"அதுக்காக அண்ணன் தலையில போடறதா?"

"நானா போட்டேன்? நான் சொல்லிடறேன்னுதான் அண்ணன்கிட்ட சொன்னேன். 'வாயத் திறந்தா பாரு'ன்னு சத்தம் போட்டாரு. 'எம்மேல கோவம்னா அவன் பஸ்ஸுல தள்ளி உக்காருவான். உம்மேல கோவம்னா ஒரே ரூமுக்குள்ள எங்க தள்ளி உக்காருவான்'னு கேட்டாரு. நானும் அதோட விட்டுட்டேன்." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "வாரத்துக்கு ஒரு நேரம் எங்கண்ணன் இங்க உக்காந்து சாப்பிடுவாரு. அதுவும் போச்சு."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. காலுறை வாளியைத் தூக்கி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன்.

நெட்டையன் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி ஆகவில்லை. நல்ல கீப்பர்தான், ஆனால் கீப்பர் கோல் போடமாட்டானே. சிலது ஜெயித்தோம், பலது தோற்றோம், குளிர் காலம் முழுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றோம். கடைசிக்கு முந்தின மேட்ச் எங்கள் ஊரில். ஒரு சாதாரணப் பந்து, உருண்டு வந்தது, நெட்டையன் குனிந்து எடுத்தான், எடுத்த பந்து கையிலிருந்து நழுவி அவன் கால் இடுக்கு வழியாகவே உள்ளே போனது. அந்த ஒரு கோலில் தோற்றோம். பையன் வலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு அவனை இறக்கச் சொல்லிக் கத்தின அதே மைதானம் இப்போது "கதவை மாட்டு" என்று கத்தியது. ஊருக்கு நாக்கில் எலும்பா இருக்கிறது?

கடைசி மேட்ச் வெளியூரில். கீழே போகிற மூன்றில் இரண்டு டீம் முடிவாகியிருந்தது. மூன்றாவது நாங்களா, எங்களோடு ஏறின அந்த இன்னொரு டீமா என்பதுதான் பாக்கி. புள்ளி சமம். கோல் கணக்கில் மட்டும் நாங்கள் ஒரு மயிரிழை முன்னால்.

முந்தின நாள் சாயங்காலம் நான் பெட்டியோடு கடைக்கு வந்தபோது, தங்கச்சி போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன்ல சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். தேய்ச்சும் வெச்சுட்டேன். ஆனா மாட்ட மாட்டேன். இந்த ஒரு சட்டையை நீங்க நேர்ல வந்து சொன்னாத்தான் மாட்டுவேன். அவ்வளவுதான்."

மேஜையின் மேல் கதவின் சட்டை தேய்த்து விரித்துக் கிடந்தது. முன் கம்பியில் பத்துதான் தொங்கிக்கொண்டிருந்தது. நெட்டையனுடையது பின் கம்பியில்.

பைக் வந்து நின்றது. கோச் வாசல்படிக்கு வெளியே நின்றார். தூறல் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

"உள்ள வாங்கண்ணா."

"இங்கிருந்தே சொல்றேன். முதல் சட்டை மாப்ளையோடது. பையன் ஒடிஞ்சு போயிருக்கான். இவ்வளவு பெரிய மேட்சுக்கு அனுபவம் வேணும். மாட்டும்மா."

அவள் சட்டையை ஹேங்கரில் போட்டு முன் கம்பியில் மாட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ஆறேழு மாதமாக நான் பார்க்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது, புருஷன் கண்ணுக்கு அண்ணனே எடுத்தார், அண்ணனே கொடுத்தார், இனிச் சாப்பிட வருவார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அப்போது திரை விலகியது. கதவு வெளியே வந்தான். மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் அந்தத் திரையைத் தாண்டுவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் கழுவின கையுறை, ஈரம் சொட்டியது. யாரையும் பார்க்காமல் நேராக முன் கம்பிக்குப் போய், தன் சட்டையை எடுத்தான். பின் கம்பியில் இருந்த நெட்டையன் சட்டையை எடுத்து அந்த இடத்தில் மாட்டினான். தன்னுடையதைப் பின் கம்பியில் மாட்டி, காலரைச் சரிசெய்தான்.

"என்ன மாப்ள இது?" என்றார் கோச். ஏழு மாதத்தில் முதல் பேச்சு.

"நான் வரிசையா விட்டப்போ எனக்கு எத்தனை மேட்ச் குடுத்தீங்க மச்சான்? அவன் ஒரே ஒரு பந்தை விட்டிருக்கான். அவனுக்கு ஒண்ணுகூடக் குடுக்க மாட்டீங்களா?"

"நாளைக்கு கீழ போயிட்டா?"

"என்னை நிறுத்தினா நிச்சயம் போவீங்க. மேல இருக்கறவன் அடிக்கிற பந்துக்கு நான் லேட்டு. எனக்கே மூணாவது மாசமே தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் சட்டையை மாட்டிக்கிட்டு நின்னேன்."

"கோச்சு நானா, நீயா?"

"இந்த வீட்டுல கோச்சு யாருன்னு நமக்குள்ள தெரியாதா மச்சான்? கோச்சு வாயத் திறக்கறதுக்கு முன்னாடி கம்பியில கை வைக்கறது இந்த வீட்டுக்குப் புதுசா என்ன?"

தங்கச்சி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"திரைக்கு அந்தப் பக்கம் செவுடனா உக்காந்திருந்தேன்? எப்பவும் முதல்ல பைக் சத்தம் கேக்கும், அப்புறம்தான் ஹேங்கர் சத்தம் கேக்கும். அன்னிக்கு பைக் வர்றதுக்கு முன்னாடியே பதினொரு ஹேங்கரும் ஏறிடுச்சு. மறுநாள் ஆணியில அவன் சட்டையப் பாத்ததும் புரிஞ்சு போச்சு."

"அப்ப எங்கண்ணன்கிட்ட எதுக்குப் பேசாம இருந்தீங்க?"

கதவு கையுறையைப் பிழிந்தான். பதில் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. "யார் மேலயாவது கோவப்பட்டே ஆகணும்போல இருந்துச்சு. உம்மேல கோவப்பட்டா நான் எந்த சீட்டுக்குப் போறது?"

நான் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இத்தனை மாதம் அடக்கி வைத்த கோபம் முழுக்க வெடித்தது.

"ஏழு மாசம்! எங்கண்ணன் இந்தப் படிய மிதிச்சு ஏழு மாசமாச்சு! நான் பண்ணதுக்கு அவரு வெளிய நிக்கறாருன்னு நான் பாதித் தட்டோட எழுந்துடுவேன். இவரு எல்லாம் தெரிஞ்சுகிட்டு எதிர்ல உக்காந்து இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டுச் சாப்பிடுவாரு! அவரு எனக்காகப் பொய் சொல்வாராம், இவரு எனக்காகக் கோவிச்சுக்குவாராம். ரெண்டு தியாகியும் சேந்து என்னைக் கொன்னுட்டீங்க. யாருய்யா உங்களைக் கேட்டா? எம்மேல கோவம்னா என்னைத் திட்டு! ரெண்டு நாள் பேசாம இரு! மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கோ! நான் தாங்க மாட்டேனா?"

வாசலில் கோச் மழையில் நனைந்தபடி, வாத்தியாரிடம் மாட்டின பையன் மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க. போய்க் கூப்பிடுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து.

அவன் வாசலுக்குப் போனான். "வாங்க மச்சான். நனையறீங்க."

"டீம் என்ன?" என்றார் கோச் அசையாமல்.

"கம்பியில இருக்கறதுதான்."

கோச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கம்பியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். "எடுத்து வைங்க" என்றார் என்னிடம். தங்கச்சி அதற்குள் தட்டு எடுத்து வைக்கப் போய்விட்டாள். தட்டுகள் விழுந்த சத்தத்தைக் கேட்டால் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு மூன்று ஆண்களும் உப்பு குறைவதைப் பற்றி வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம்.

மறுநாள் மேட்சில் தோற்றோம். உள்ளதைச் சொல்லவேண்டும். நெட்டையன் நன்றாகத்தான் பிடித்தான், இரண்டு பந்தை எப்படிப் பிடித்தான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் ஒன்று உள்ளே போனது, நாங்கள் போடவேண்டியதைப் போடவில்லை. மேட்ச் முடிந்தும் யாரும் உள்ளே போகவில்லை. புல்லிலேயே நின்றுகொண்டு, இன்னொரு மைதானத்தின் சேதிக்காக ஒருவன் போனை ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களோடு ஏறின அந்த டீம் மூன்று கோலில் தோற்றிருந்தது. நாங்கள் மேலேயே இருந்துவிட்டோம். ஜெயித்து இல்லை, எங்களைவிட மோசமாக ஒருவன் தோற்றதால். குதித்தார்கள், கட்டிப் பிடித்தார்கள், நெட்டையனைத் தூக்கினார்கள். எதிரில் எங்களை ஜெயித்தவர்கள் ஒன்றும் புரியாமல் கை தட்டினார்கள். கீழே போன பையன்களை நினைத்து எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அவர்களுக்கும் ஒரு பஸ் டிரைவர் இருப்பானே.

பஸ்ஸில் கொஞ்ச நேரம் பாட்டும் ஆட்டமுமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். வழியில் டீசல் போட நிறுத்தினேன். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அப்போது போன் அடித்தது. தங்கச்சி.

"தோத்துட்டோம்மா. ஆனா..."

"டிவியில எல்லாம் பாத்தேண்ணே. அதை விடுங்க. அவங்க ரெண்டு பேரும் எங்க உக்காந்திருக்காங்க?"

திரும்பிப் பார்த்தேன். "முன் சீட்டுலதான். எம் பின்னாடி."

"பேசிக்கறாங்களா?"

"எங்க பேசறது? தூங்கறாங்க. உங்கண்ணன் வாயத் திறந்துகிட்டு. உன் வீட்டுக்காரன் அவரு தோள்ல சாஞ்சுகிட்டு."

பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"கையத் தூக்கறாராண்ணே?"

கதவின் இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. கையுறை போட்டுப் போட்டு வெளுத்த பெரிய கைகள். நான் நன்றாகக் குனிந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

"இல்லம்மா. அசையவே இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரிண்ணே. அவசரமில்ல. மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்றாள்.

மெதுவாகத்தான் ஓட்டினேன்.